துக்கடா நேரத்துச் சீட்டு

உட்காருங்கள், அங்கே யாரும் இல்லை. ஆறு மணி என்று போட்டிருப்பதை நம்பி வந்துவிட்டீர்களா? இந்த அரங்கத்தில் ஆறு என்றால் ஆறரை. பழைய ஆட்களெல்லாம் இன்னும் வெளியே காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குப் புதிதோ? கரூரா. சரி, சரி. கோயமுத்தூரில் சாயங்காலம் எங்கே போவது என்று யாரையாவது கேட்டிருப்பீர்கள், இந்த இடத்தைச் சொல்லியிருப்பார்கள். நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வாசலில் கொடுத்தார்களே, அந்த நிகழ்ச்சித் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள். எதற்கு வரலாம், எதற்கு வரக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை பறவைப் பேச்சு. கண்டிப்பாக வாருங்கள். பேசுகிறவர் கண் டாக்டர். பறவை அவருக்குத் தொழில் இல்லை, அதனால் நன்றாகப் பேசுவார். குளத்துக்கு வருகிற நாரை, கொக்கு எல்லாம் திரையில் போட்டுக் காட்டுவார். அடுத்த வியாழன் சாரங்கி. வடக்கேயிருந்து வருகிறார்கள். அழுகிற வாத்தியம் அது. ஏற்கெனவே மனசு சரியில்லை என்றால் வேண்டாம். அதற்கடுத்தது புத்தக வெளியீடு. தலைமையுரை, வாழ்த்துரை, நூலாசிரியரின் மாமனார் உரை. வராதீர்கள். கடைசியில் ஒன்று போட்டிருக்கிறார்களே, அதை அப்புறம் சொல்கிறேன்.

நானா? நான் எல்லாவற்றுக்கும் வருவேன். சங்கீதம் தெரிந்து வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் டெலிபோன் எக்சேஞ்சில் இருந்தவள். வேலை முடிந்து, வீட்டுக்காரரும் போனபிறகு, வீட்டில் சத்தமே இல்லை. அவர் போன பதினாறாம் நாளே சட்டை வேட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அழுதுகொண்டிருக்க முடியுமா? ஒரே நாளில் உட்கார்ந்து அழுது முடித்தேன். அதுதான் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் சரி என்பேன். அதற்கப்புறம் இங்கே வர ஆரம்பித்தேன். வந்த இடத்தில்தான் நஞ்சப்பன்.

நஞ்சப்பன் என்றால் உங்களுக்கு என்ன தெரியும். மில்லில் பஞ்சு வாங்குகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சிப் பக்கம். பக்கத்து நாற்காலியில் உட்காருவார், அவ்வளவுதான். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாள் திடீரென்று என் சேலைத் தலைப்பை விரலில் எடுத்து ஒரு தேய் தேய்த்துவிட்டு, "அறுபதாம் நம்பர் நூலுங்க அம்மணி. நல்லதாப் பார்த்து எடுத்திருக்கீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறிமுகம் இல்லாத மனிதர் சேலையைத் தொடுவதா? "ஏனுங்க, இது என்ன மில்லா?" என்று கேட்டேன். "கை சும்மா இருக்கமாட்டேங்குதுங்க, மன்னிச்சுக்குங்க" என்று சிரித்தார். அந்தச் சேலையை அப்புறம் நான் அதிகம் கட்டவில்லை. கட்டினால் துவைக்க வேண்டும், நைந்துவிடும்.

அம்மணி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் என் வயதில் இருக்கிறவளை அப்படிக் கூப்பிட யாரும் மிச்சமில்லை.

தொல்லை பிடித்த மனிதர், கேளுங்கள். கச்சேரி ஆரம்பிக்கும் முன்னால், "அம்மணி, அந்தக் கேமராவுல சிவப்பு லைட் எரியுதுங்களா பாருங்க" என்பார். எல்லா நிகழ்ச்சியையும் இவர்கள் லைவாக போனில் காட்டுகிறார்கள், அதோ நடுவில் நிற்கிறதே, அந்தக் கேமராவில். எரிகிறது என்று நான் சொன்னால்தான் சாய்ந்து உட்காருவார். உங்களை யார் படம் எடுக்கப்போகிறார்கள் என்று கிண்டல் செய்வேன். கச்சேரி முடிந்ததும் பக்கத்து மெஸ்ஸில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பார்சல், உறைப்பு எதுவும் இல்லாமல். வயிற்றுப்புண் இருக்கிறது போல, ராத்திரிக்குத் தனியாக உட்கார்ந்து இதைத்தான் சாப்பிடுகிறார் போல என்று நினைத்துக்கொள்வேன். சட்டையில் மேல் பொத்தானுக்கு நூல் நிறம் மாறியிருக்கும். ஆண்பிள்ளை தைத்த பொத்தான் பார்த்தாலே தெரியும்.

நான் எதுவும் கேட்கவில்லை. எக்சேஞ்சில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். லைன் போட்டுக் கொடு, காதை எடுத்துவிடு. யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்பது நம் வேலை இல்லை. நான் அப்படியே பழகிவிட்டேன். மனிதர்கள் தாங்களாகச் சொல்வதுதான் மரியாதை.

அவராகச் சொன்னது ஒன்றே ஒன்று. கச்சேரியில் சஹானா ராகத்தில் ஒரு பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். முடிந்ததும் திரும்பி வருவார். என்ன பாட்டு என்று உங்களிடம் சொல்லமாட்டேன், சொன்னால் வாய்க்குள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள், எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. இரண்டு தடவை இப்படி நடந்தது. இரண்டாம் தடவை நான் முகத்தைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார். "எம்பட சம்சாரம் பாடுவாங்க அம்மணி, அந்தப் பாட்டு. என் அக்கா கல்யாணத்துல அவ பாடித்தான் நான் மொதல்ல பார்த்தது. ரேடியோவுல கூடப் பாடியிருக்கா. இப்பக் கேக்க முடியலீங்க." அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேடையைப் பார்த்துக்கொண்டேன்.

நீங்களே சொல்லுங்கள். தனியாக வருகிறார், தனியாகப் போகிறார், பொத்தான் தானே தைக்கிறார், மெஸ்ஸில் வாங்குகிறார், சம்சாரம் பாடிய பாட்டைக் கேட்க முடியவில்லை என்கிறார். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அதைத்தான் நானும் நினைத்தேன்.

இந்த அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மிருதங்கக்காரர் தனி வாசித்து முடித்த பிறகு சின்னச் சின்னப் பாட்டாகப் பாடுவார்கள், துக்கடா என்பார்கள். அப்போது நாம் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பலாம், இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று. அது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே என்னவென்றால், பாட்டை மட்டும் எழுதினால் போதாது. கேட்கிறவர் பெயர், எதற்காகக் கேட்கிறார் என்ற காரணம், இரண்டும் எழுத வேண்டும். கல்யாண நாள், பேத்தி பாஸாகிவிட்டாள், அப்பாவின் நினைவு நாள், இப்படி ஏதாவது. பாடுகிறவர் அதை மைக்கில் படித்துவிட்டுத்தான் பாடுவார். காரணம் இல்லாத சீட்டைச் செயலாளர் தாமோதரன் மேடைக்கே விடமாட்டார். கூட்டத்துக்கும் மேடைக்கும் ஒரு உறவு வரட்டும் என்று அவர் கண்டுபிடித்தது.

போன மார்கழியில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து பாடினாள். நல்ல குரல். அன்றைக்கு நஞ்சப்பனும் நல்ல உற்சாகத்தில் இருந்தார். கரகரப்ரியா பாடும்போது என் பக்கம் குனிந்து, "எப்படீங்க அம்மணி?" என்று கேட்டார், தானே பாடின மாதிரி. எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஒரு மனிதர் ஒரு பாட்டுக்குப் பயந்துகொண்டு எத்தனை நாள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்? ஒரே தடவை உட்கார்ந்து கேட்டுவிட்டால் முடிந்தது. சட்டையைக் கொடுத்த மாதிரி. அழுதால் அழட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன். அதற்கப்புறம் அந்தப் பாட்டு எங்கே வந்தாலும் எழுந்து போக வேண்டியதில்லை, நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம் என்றுதான்.

அவருக்குத் தெரியாமல் எழுதினேன். பாட்டு. பெயர், நஞ்சப்பன். காரணம் என்று ஒன்று எழுத வேண்டுமே. மறைந்த தன் மனைவியின் நினைவாக என்று எழுதினேன். தாமோதரன் இருந்திருந்தால் பார்த்திருப்பார். அவர் மைக் தகராறு என்று ஆட்களைத் தேடிப் போயிருந்தார். தொண்டர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய் மேடையில் வைத்துவிட்டார்.

அந்தப் பெண் சீட்டை எடுத்தாள். சிரித்த முகம் மாறி, ரொம்ப மரியாதையாகப் படித்தாள். "நஞ்சப்பன் அவர்கள், மறைந்த தம் மனைவியின் நினைவாக..." பின்னாலிருந்து ஒரு சலசலப்பு. அனுதாபப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நஞ்சப்பன் மேடையைப் பார்த்தார். அப்புறம் நடுவில் இருந்த கேமராவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் மடியில் பேனா இருந்தது.  எழுந்தார். அந்த வரிசையில் இருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள்.

வெளியே நின்றுவிட்டு வருவார் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் அந்தப் பாட்டை உருகிப் பாடினாள், பாவம், மனைவி இல்லாத மனிதருக்காகப் பாடுகிறோம் என்று நினைத்து. முடிந்தது. அவர் வரவில்லை. மங்களமும் முடிந்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தாமோதரன் கையில் சீட்டோடு வந்தார். "யாருங்க எழுதுனது? கஸ்தூரியம்மா, உங்க கையெழுத்துங்களா? சரோஜினியம்மா உசிரோட இருக்காங்க."

எப்படி இருக்க முடியும் என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பக்கவாதமுங்க. பேச்சு வராது, நடக்க முடியாது. அவர் இங்க வர்ற நேரத்துக்கு ஒரு பொண்ணு வந்து பார்த்துக்கும். போன்ல லைவ் போட்டு வெச்சிருவாங்க, அந்தம்மா வீட்ல உட்கார்ந்து கேப்பாங்க. இன்னைக்கும் கேட்டுட்டுத்தான் இருந்திருப்பாங்க. பழைய ஆளுகளுக்கெல்லாம் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே தெரியும்.

மறுநாள் காலையில் விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. நடந்தது என்ன என்று விளக்கத்தான். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர், "வாங்க மேடம்" என்றார். மேடம். நான் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்தம்மா ஜன்னல் ஓரமாகச் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையைப் படிய வாரி, பின்னி, நல்ல பெரிய குங்குமப் பொட்டு. நஞ்சப்பன்தான் வைத்துவிடுவார் போல, கொஞ்சம் கோணலாக இருந்தது. அழகாக இருந்தார். அது எனக்கு ஏனோ எதிர்பாராததாக இருந்தது. நான் சொன்னேன், "நான் நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. ஒரு புது ஆளைப் பார்க்கிற மாதிரியும் இல்லை.

நஞ்சப்பன்தான் பேசினார். "உங்களைத் தெரியும் அவளுக்கு. தெனமும் வந்து சொல்லுவேனுங்க. அம்மணி இன்னைக்கு இப்படிக் கேட்டாங்க, அம்மணி தூங்கிட்டாங்க, தலைமையுரையை அம்மணி இப்படிக் கிண்டல் பண்ணுனாங்கன்னு. சிரிப்பா. வாய் ஒரு பக்கம்தான் போகும், ஆனாச் சிரிப்பா. நான் சீக்கிரமாப் போகாம இருந்தாக் கையால வாசலைக் காட்டுவா, போ, அம்மணி வந்திருப்பாங்கன்னு." அந்தம்மாவின் சேலைத் தலைப்பைச் சரியாக இழுத்துவிட்டார். "நேத்து நான் ஓடி வர்றேன். போன்ல பாட்டு ஓடிட்டிருக்குது. அவ என்னைப் பாக்கலீங்க. எனக்குப் பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி அங்க பார்த்தா. யார் எழுதுனதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாலயே அவளுக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

 எனக்குப் பாருங்கள், அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. அவ்வளவு சொல்லியிருக்கிறார் அந்தம்மாவிடம் என்னைப் பற்றி. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா அந்தம்மாவைப் பற்றி? வீட்டில் இருக்கிறாள், உடம்பு முடியவில்லை என்று சொன்னால் நான் என்ன செய்துவிடப் போகிறேன்? ஒரு பழம் வாங்கிக் கொடுத்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பார், நான்பாட்டுக்கு இருப்பேன். என்ன மாறியிருக்கும்?

நான் கிளம்பும்போது அந்தம்மா இடது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? விடாமல் பிடித்திருந்தார். நஞ்சப்பன்தான் விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டார். அந்த ஆப்பிளை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை.

அதற்கப்புறம் நஞ்சப்பன் அரங்கத்துக்கு வரவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்கிற பெண் போனைக் கொண்டுவந்து வைத்தால் அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். தாமோதரன் சொன்னார். லைவ் வேண்டாமாம், பாட்டே வேண்டாமாம். அந்தம்மாவை விட்டுவிட்டு இவர் எங்கே வருவார்? எனக்கு அதில் வருத்தம்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர் எதற்காக இவருடைய சாயங்காலத்தைப் பிடுங்க வேண்டும்?

போன் செய்து பார்த்தேன். மணி அடிக்கும், நின்றுவிடும். ஆள் இல்லாத வீட்டில் அடிக்கிற மணிக்கும் ஆள் இருந்து எடுக்காத மணிக்கும் வித்தியாசம் உண்டு. உங்களுக்குக் கேட்காது. இத்தனை வருஷம் அதையே கேட்டவளுக்குக் கேட்கும். அப்புறம் செய்யவில்லை.

ஒவ்வொரு மாதமும் தாள் வந்ததும் இதைத்தான் பார்ப்பேன், எதற்கு வருவார் என்று. பறவை என்றால் அவருக்கு உயிர், சாரங்கி பிடிக்கும், வயலின் என்றால் கால் வலியோடு வருவார். வருவார் வருவார் என்று முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பேன். புத்தக வெளியீட்டுக்குக்கூட வந்தேன். அதற்கு அவர் வரமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் ஒருவேளை என்று.

ஆடி மாதம் ஒரு நாள். கோயில் சிற்பம் பற்றிப் பேச்சு. பேச்சுக்கு முன்னால் தாமோதரன் மைக்கில், நம் அரங்கத்தின் நீண்ட கால ரசிகை, வானொலிக் கலைஞர் சரோஜினி அம்மையார் காலமானார், எல்லாரும் எழுந்து மௌனம் செலுத்துவோம் என்றார். எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. காரியம்கூட முடிந்துவிட்டதாம். மார்கழிக்கு அப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை என்று பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. மனிதர்கள் எதையாவது சொல்வார்கள். பக்கவாதம் வந்தவர்கள் அப்படித்தான், இருந்தாற்போல் இருந்து போய்விடுவார்கள். டாக்டரைக் கேளுங்கள்.

உட்காரும்போது ஒன்று நினைத்தேன். உங்களிடம் சொன்னால் என்ன, உங்களுக்கு யாரையும் தெரியாது. இனி வருவார் என்று நினைத்தேன். தப்பா? தனியாக வீட்டில் உட்கார்ந்து அவர் என்ன செய்வார்?

தாளைப் பாருங்கள், கடைசியில். சரோஜினி நினைவு இசை நிகழ்ச்சி. அதே சென்னைப் பெண். நஞ்சப்பனே கேட்டு ஏற்பாடு செய்தாராம். அந்தப் பாட்டு உண்டாம். சீட்டு வேண்டியதில்லை, அவர் எழுந்து போகவும் போவதில்லையாம், முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறாராம்.

போன வாரம் தாமோதரன் வீட்டுக்கே வந்தார். காபி கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "கஸ்தூரியம்மா, நீங்க எல்லாத்துக்கும் வரணும். அரங்கம் உங்களுது. அன்னைக்கு ஒரு நாள் மட்டும்..." என்று இழுத்தார். அவராகச் சொன்னாரா என்று கேட்டேன். "அவர் சொல்லலீங்க" என்றார் தாமோதரன். "உங்க பேரையே சொல்லமாட்டேங்கறார். நான் கேட்டேன், அவங்க வந்தாப் பரவாயில்லீங்களான்னு. எந்திரிச்சு உள்ள போயிட்டார்."

எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருக்கிறது, உண்மையாகவே. வீட்டில் ஏகப்பட்ட வேலை கிடக்கிறது.

நீங்கள் போவீர்களா? போங்கள். நல்ல குரல் அந்தப் பெண்ணுக்கு. ஆறு மணிக்கே போனால் முன்னால் இடம் கிடைக்கும். அவர் உயரமாக, ஒல்லியாக இருப்பார், மேல் பொத்தானைப் பாருங்கள், தெரியும். குடும்பம், உறவு என்று பெரிதாக யாரும் இல்லை அவருக்கு. பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், துக்க வீட்டுக்காரர் என்று மரியாதையாகத் தள்ளியே உட்காருவார்கள். நீங்கள் போய் உட்காருங்கள். பேச வேண்டாம். வீட்டைப் பற்றி, மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டதே இல்லை, அந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வந்துவிட்டார்கள், சுருதி சேர்க்கிறார்கள். தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.